முப்பத்தொன்றாம் பில்லை

ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பிய முனீர் அகமது சாகிப், மக்காவைப் பற்றிப் பேசியதைவிட வழியில் கடலுக்கு நடுவே இருந்த ஒரு தீவைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். கப்பலில் ஒருவனுக்கு வாந்திபேதி கண்டதால் எல்லோரையும் அந்தத் தீவில் இறக்கிப் பதினொரு நாள் அடைத்து வைத்தார்களாம். உடுத்திய துணியைக் கழற்றி வாங்கி ஆவியில் வேகவைத்தார்களாம். கையில் தகரப் பில்லை கட்டி, பேரை விட்டுவிட்டு எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்களாம். ஆம்பூரில் எந்த வீட்டில் விருந்து நடந்தாலும் பிரியாணித் தட்டுக்கு முன்னால் இந்தத் தீவு வந்துவிடும்.

"எனக்கு நாலு ஷாப் இருக்குது. என் தோலு லண்டன் வரைக்கும் போவுது. என்னைப் போயி 'நூத்திப் பன்னெண்டு, இங்க வா'ன்னு கூப்பிடறான்! மண்டியில ஆட்டுத்தோலை எண்ற மாதிரி மனுசனை எண்றாங்க. அல்லா, அந்தப் பேஜாரு எதிரிக்கும் வரக்கூடாது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

கேட்டவர்களும் துடைத்துக்கொள்வார்கள். கேட்டவர்கள் வீட்டில் ஒருவராவது அவருடைய நான்கு தோல் பதனிடும் ஷாப்புகளில் ஏதோ ஒன்றில் வேலை செய்தார்.

அந்த வருஷம் கரும்பாறை தர்காவின் உருஸ் திருவிழாவுக்குச் சர்க்கார் ஒரு நிபந்தனை போட்டது. முந்தின வருஷம் உருஸுக்கு வந்த ஜனங்களில் பலர் வாந்திபேதியில் போய்விட்டார்கள். அதனால் இந்தத் தடவை நோயாளிகளுக்கு ஓர் ஆஸ்பத்திரிக் கொட்டகை போட்டால்தான் உருஸ் நடத்தலாம். வாந்திபேதி என்று ஒரு கேஸ் பதிவானாலும் கூட்டத்தைக் கலைத்துவிடுவோம் என்று தாக்கீது வந்தது. கொட்டகைக் கமிட்டிக்குத் தலைவர் வேண்டுமே. ஹஜ்ஜு முடித்த பிறகு ஊரார் முனீர் அகமது சாகிபை ஹாஜி சாப் என்றுதான் கூப்பிட்டார்கள்; அவர்தான் தலைவர். சந்தனக் குடத்தைத் தலையில் சுமந்து தர்காவுக்குள் போகும் முறையும் இந்த வருஷம் அவருக்குத்தான். ஏழு வருஷம் காத்திருந்து கிடைத்த முறை.

நான்கே நாளில் அவர் அந்தத் தீவைத் தூக்கிக்கொண்டு வந்து பாலாற்றங்கரையில் வைத்துவிட்டார்.

ஆண்களுக்கு ஒரு கீற்றுக் கொட்டகை, பெண்களுக்கு ஒரு கீற்றுக் கொட்டகை. நடுவில் கெட்டியான தார்ப்பாய் மறைப்பு. தூரத்தில் புளியமரத்துக்கு அப்பால் சின்னதாக மூன்றாவது கொட்டகை. ஷாப்பில் தோலைத் தரம் பிரிக்கிற பலகை மேஜை ஒன்று உண்டு. அதையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ஆண்கள் கொட்டகை வாசலில் போட்டு அதன் பின்னால் உட்கார்ந்தார். எத்தனை தரம் பினாயில் ஊற்றிக் கழுவியும் அந்தப் பலகையில் தோல் நாற்றம் போகவில்லை. வருகிற நோயாளியையும் அவர் ஷாப் பழக்கத்திலேயே பிரித்தார். மருந்து குடித்துவிட்டு எழுந்து போகிறவர் ஒண்ணாம் நம்பர். வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவர் ரெண்டாம் நம்பர். வேலூரிலிருந்து தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு மோட்டார் வண்டி வரும், அதில் இரண்டு பேரைத்தான் படுக்கவைக்க முடியும். பிழைக்கமாட்டார் என்று தோன்றினால் மூணாம் நம்பர். அவர்களுக்குத்தான் புளியமரத்துக்கு அப்பால் இருந்த கொட்டகை. தோலில் மூணாம் நம்பரை ரிஜெக்ட் என்பார்கள். இங்கேயும் அப்படியே சொன்னார்.

எல்லா நோயாளிகளின் கையிலும் பில்லை கட்ட வேண்டும் என்றும் அவரே உத்தரவு போட்டார். தகரம் அல்ல, தோல் பில்லை. மை எழுத்து தண்ணீரில் அழிந்துவிடும் என்று ஷாப்பில் தோலுக்குத் துளை போட்டு அடையாளம் வைப்பது வழக்கம். அதே மாதிரி மேலே மூன்று துளை, கீழே ஒரு துளை போட்டால் முப்பத்தொன்று. ஆண்களுக்கு வலது கை, பெண்களுக்கு இடது கை. கட்டுவதற்கு நூல் கூடாது. ஈரமான பச்சைத்தோலை மெல்லிய வார்களாக அறுத்து, அதைக்கொண்டுதான் கட்ட வேண்டும்.

"நூல்ல கட்டினா அவுத்து மாத்திப்பாங்க முன்ஷி" என்று என் அப்பாவிடம் சொன்னார். என் அப்பா அதாவுல்லா அவரிடம் கணக்கெழுதும் முன்ஷி. "அந்தத் தீவுல நானே அப்படித்தானே வந்தேன்? ஒரு பம்பாய்க்காரன் தூங்கிட்டிருந்தான். அவன் நாலு நாள் முன்னாடி வந்தவன், நாலு நாள் முன்னாடியே விட்டுடுவாங்க. அவன் பில்லைய அவுத்து நான் கட்டிக்கினேன், என்னுது அவன் கையில கட்டிட்டேன். பச்சைத்தோல் காய்ஞ்சிதுன்னா முடிச்சு கல்லு. குதிரை இழுத்தாலும் அவுறாது."

அப்பா இதை இரவு சாப்பாட்டின்போது பெருமையாகச் சொன்னார். அந்த பம்பாய்க்காரன் பிறகு என்ன ஆனான் என்று நான் கேட்டேன். "அதெல்லாம் நமக்கெதுக்கு" என்றார்.

நான் அந்தக் கொட்டகைக்குப் போகவேண்டி வந்ததற்கும் ஹாஜி சாப்பின் ஒழுங்குதான் காரணம். பெண்கள் அந்நிய ஆணிடம் பேர் சொல்லமாட்டார்கள். பேர் இல்லாமல் பதிவேடு இல்லை. எழுதத் தெரிந்த பெண் வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தியபோது, "பொம்பளப் புள்ளைக்கு இதுக்கு மேல எழுத்து எதுக்கு?" என்று அப்பாவிடம் சொன்னவரே இந்த ஹாஜி சாப்தான். இப்போது என் எழுத்து தேவைப்பட்டுவிட்டது. பெண்கள் கொட்டகையில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து பேர், ஊர், பில்லை எண் எழுதி, தாளை மறைப்பில் இருந்த துவாரம் வழியாக அப்பாவிடம் நீட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்தத் துவாரங்களும் ஹாஜி சாப்பின் யோசனைதான். தார்ப்பாயில் இரண்டு முழ இடைவெளியில், கட்டிலுக்கு ஒன்றாக ஒன்பது கிழிசல். ஒவ்வொரு கயிற்றுக் கட்டிலும் தலைமாடு அந்த மறைப்பை ஒட்டியபடி இருக்கும். டாக்டர் வேலாயுதம் சர்க்கார் டாக்டர், நல்லவர், வயது குறைவு. அவர் அந்தப் பக்கம் வரிசையாக நடந்து வருவார். பெண்கள் பில்லை கட்டிய இடது கையை மட்டும் கிழிசல் வழியாக நீட்ட வேண்டும். அவர் எண்ணைப் படித்து, நாடி பார்த்து, ஒன்று இரண்டு மூன்று என்று சொல்வார். அப்பா எழுதிக்கொள்வார். நோயாளியின் முகத்தை மருத்துவர் பார்க்காமலே வைத்தியம் நடந்தது. ஊரார் இதை வெகுவாக மெச்சினார்கள்.

மெச்சாத ஒரே ஆள் சவுரியம்மாள். வேலூரிலிருந்து வந்த நர்ஸ். பெண்கள் கொட்டகை முழுவதும் அவள் ஒருத்தி பொறுப்பு. வந்த அன்றே ஹாஜி சாப்பிடம் மறைப்பு ஓரம் நின்று கேட்டாள்.

"நாக்கைப் பாக்கணும், கண்ணைப் பாக்கணும், வயித்தைத் தொட்டுப் பாக்கணும். கையை மட்டும் பாத்துட்டுப் போறதுக்கு அவரு இன்னா வளையக்காரரா?"

"நீ இருக்கியே நர்சம்மா. நீ பாத்துச் சொல்லு."

"நான் சொன்னா எழுதுவீங்களா?"

"டாக்டர் சொல்றதத்தான் எழுதணும். அது ரூல்."

"நல்ல ரூலு. பாக்கறவ சொல்லக் கூடாது, சொல்றவரு பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்து, "நீதான் முன்ஷி பொண்ணா? வாயில கொழுக்கட்டையா? பேசவே மாட்டேன்றே" என்றாள். நான் சிரித்தேன். "சிரிக்கவாவது தெரியுதே" என்றாள்.

நோய்க்கு வைத்த பேரிலும் ஒரு ரூல் இருந்தது. பதிவேட்டில் 'வாந்திபேதி', 'காலரா' என்ற சொல்லே வரக் கூடாது. வந்தால் கூட்டம் கலைந்துவிடும், சந்தனக் குடம் ஹாஜி சாப்பின் தலையில் ஏறாது. ஆகவே எல்லோருக்கும் 'அஜீரணம்'. கஞ்சித் தண்ணீர்கூட இல்லாமல் ஆலங்காயத்திலிருந்து நடந்து வந்தவர்களுக்கும் நெய்ச்சோறு தின்றதால் வந்த அஜீரணம்.

சந்தனம் எடுக்கிற நாள் காலையில் மஹ்பூபி வந்தாள். அவள் புருஷன் ஆபித் பாஷா ஹாஜி சாப்பின் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. அவனே முதுகில் தூக்கிக்கொண்டு வந்து பெண்கள் கொட்டகை வாசலில் இறக்கினான். சுண்ணாம்பில் வெந்து வெளுத்த இரண்டு கைகளாலும் அவளைத் தாங்கிக்கொண்டான். விடியற்காலையிலிருந்து பதினைந்து தடவை போய்விட்டது, கழுவின அரிசித் தண்ணி மாதிரி போகிறது என்றான்.

"பேரு?" என்று நான் அவளிடம் கேட்டேன்.

"மஹ்பூபி. எழுதிக்கோ தங்கச்சி. ஆம்பிளைங்க காதுல விழாம எழுது" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த நிலைமையிலும் சிரித்தாள். "உங்க ஹாஜி சாப் அவரு ஷாப்புலயே வேலை செய்யற எங்க ஊட்டுக்காரர் கையில கூட பில்லை கட்டல. எனக்குக் கட்டறாங்க. எனக்கு மவுசு ஜாஸ்திதான்."

முப்பத்தொன்றாம் எண். சவுரியம்மாள் இடது கை வளையல்களைக் கழற்றிவிட்டு, ரூல்படி ஈர வாரால் பில்லையைக் கட்டினாள். கட்டும்போது விரல் நுழைகிற அளவு தளர்வாகத்தான் இருந்தது. நாலாவது கட்டிலில் படுக்கவைத்தாள். ஐந்தாவது கட்டில் அன்று காலையில்தான் காலியாகியிருந்தது.

பத்து மணிக்குள் மஹ்பூபியின் குரல் போய்விட்டது. கண் குழிந்து கன்னம் ஒட்டிப்போயிற்று. கால் நரம்பு இழுத்துக்கொள்ளும்போது மட்டும் முனகினாள். சவுரியம்மாள் கரண்டி கரண்டியாக உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்தது எல்லாம் வெளியே வந்தது.

"வாயில ஊத்தினா பத்தாது பொண்ணே. நரம்புல ஊசி குத்தி உப்புத் தண்ணி ஏத்தணும். அந்த சாமான் வேலூர்லதான் இருக்குது. மூணு மணி வண்டியில இவளை ஏத்திட்டா பொழச்சிப்பா. வண்டி தவறினா ராத்திரி தாங்க மாட்டா" என்றாள். பிறகு உடம்பு சில்லிட்டுப் போகாமல் இருக்கச் செங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றிக் கை கால் ஓரம் வைத்தாள். "கல்லு ஆறினா மாத்து. நான் சமையல் பக்கம் போயி வெந்நி கொண்டாந்துடறேன். அங்க சந்தனத்துக்கு வந்தவங்களுக்குச் சர்பத் கரைக்கறதுக்கே அடுப்பு போதலியாம். நான் போயி சண்டை போட்டாதான் ஆவும்" என்று போனாள்.

நான் கல்லை மாற்றினேன். இரண்டாம் தடவை மாற்றும்போதுதான் பார்த்தேன். தளர்வாகக் கட்டியிருந்த வார் சூட்டில் காய்ந்து சுருங்கி, மணிக்கட்டுச் சதைக்குள் புதைந்திருந்தது. விரல்கள் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன. ஆம்பூரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும், பச்சைத்தோலை ஈரத்தில் கட்டிச் சூட்டில் காயவைத்தால் என்ன ஆகும் என்று. நான்கு ஷாப் வைத்திருக்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அவர் முடிச்சைப் பற்றி யோசித்தார், கையைப் பற்றி யோசிக்கவில்லை.

கத்தி தேடினேன். நோயாளிகள் பக்கம் கத்தி, கத்தரிக்கோல் கூடாது என்பதும் ஒரு ரூல். பல்லால் கடித்துப் பார்த்தேன். குதிரை இழுத்தாலும் அவிழாது என்று அவர் சொன்னது மட்டும் உண்மை. அதற்குள் மறைப்புக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது.

"மூணாவது கட்டில், பத்தொம்பது. ஒண்ணாம் நம்பர்" என்றார் டாக்டர். "அடுத்தது."

நான் செய்யவேண்டியது, மஹ்பூபியின் இடது கையை எடுத்து நாலாவது கிழிசலில் நீட்டுவது. நீட்டினேன். டாக்டர் பில்லையைத் திருப்பிப் பார்த்தார். "முப்பத்தொண்ணு" என்றார். சதைக்குள் புதைந்திருந்த வாரை அவர் கவனிக்கவில்லை போலும்; விரலை மாற்றி மாற்றி வைத்து நாடி தேடினார்.

"நாடி இல்லை. விரல் நீலம் பாஞ்சிருக்கு. சில்லுன்னு இருக்கு. ஒண்ணும் செய்யறதுக்கில்லை."

"வண்டி?" என்று ஹாஜி சாப்பின் குரல் கேட்டது.

"ஏத்தாதீங்க. ரோட்டுலயே முடிஞ்சிடும். பாவம்."

"ரிஜெக்ட். எழுதிக்கோ முன்ஷி. சீக்கிரம் ஆகட்டும் டாக்டர் சாப், அஸர் தொழுகைக்கு முன்னால நான் குளிச்சுட்டு ரெடியாவணும்."

வார் இறுக்கி ரத்தத்தை நிறுத்தியிருக்கிறது, அதனால்தான் நாடி தெரியவில்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பாவையும் அண்ணன்களையும் தவிர வேறு ஆணிடம் நான் பேசியதே இல்லை. வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. மஹ்பூபியின் வலது கையைப் பிடித்தேன். அதில் வளையல் இருந்தது, பில்லை இல்லை. மணிக்கட்டில் விரல் வைத்தேன். கோழிக்குஞ்சின் நெஞ்சு மாதிரி மெல்லியதாக, வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

அவள் இடது கையை உள்ளே இழுத்துக்கொண்டேன். கட்டிலை நகர்த்த முடியவில்லை, அவளைத்தான் ஓரத்துக்குப் புரட்டினேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். வலது கையை ஐந்தாவது கிழிசலில் நீட்டினேன்.

"இது யாரு?" என்றார் டாக்டர். "பில்லை இல்லை. கையும் மாறி வந்திருக்கு."

"பில்லை இல்லாம எப்படி உள்ள வந்தா?" ஹாஜி சாப் இரைந்தார். "முன்ஷி! அஞ்சாவது கட்டில் காலின்னுதானே சொன்னே? பேர் கேளு!"

"பேர் இன்னாம்மா?" என்று அப்பா துவாரத்தில் வாய் வைத்துக் கேட்டார். நான் பேசவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக நான் பேசாமல் இருந்தது ஒரு உபயோகத்துக்கு ஆயிற்று.

டாக்டர் கையை விடவில்லை. "சத்தம் போடாதீங்க ஹாஜி சாப். நாடி இருக்கு. மெலிசா இருக்கு, ஆனா இருக்கு. இந்தப் பொம்பளைய வண்டியில ஏத்தினா பொழைக்கும். பேரு அப்புறம் எழுதிக்கலாம்."

"பில்லை இல்லாம ஏத்த முடியாது."

"அப்ப பில்லை குடுங்க!"

ஹாஜி சாப் கொடுத்தார். கிழிசல் வழியாக ஒரு புதுப் பில்லையும் ஒரு ஈர வாரும் உள்ளே வந்தன. நாற்பத்து நான்கு. அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். ஒரே உடம்பில் ஒரு கை ரிஜெக்ட் ஆகி, ஒரு கை வேலூருக்குத் தேறியிருந்தது. கொட்டகை நிர்வாகத்தில் இதை ஒருவரும் கவனிக்கவில்லை.

சவுரியம்மாள் வெந்நீர்க் குடத்தோடு திரும்பி வந்தாள். நான் இரண்டு பில்லைகளையும் காட்டினேன். வேகமாகச் சொன்னேன். நான் அவ்வளவு பேசியதை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. முதலில் அவள் முகம் வெளுத்தது. மணிக்கட்டைப் பார்த்ததும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். தன் இடுப்பில் ஒளித்து வைத்திருந்த சின்னக் கத்தரிக்கோலை எடுத்து வாரை அறுத்தாள்.

"அடிப்பாவி, என்னைக் கேட்டிருந்தா குடுத்திருப்பனே. ரூலு ரூலுன்னு நீயும் நம்பிட்டியா?" என்றாள். மஹ்பூபியின் கையைத் தேய்த்துக்கொண்டே, "நாப்பத்து நாலா? சரி, நாப்பத்து நாலாவே போகட்டும். உங்க ஹாஜி சாப்புக்குப் பேரை விட நம்பர் மேலதானே உசிரு" என்றாள். புதுப் பில்லையைத் துணி நாடாவில் கட்டினாள். பழைய பில்லையையும் அறுந்த வாரையும் மஹ்பூபியின் முந்தானையில் முடிந்தாள். மூன்று மணிக்கு வண்டி வந்தது. போர்வை போர்த்தி அவளே கூட ஏறிக்கொண்டு போனாள்.

பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன் ஹாஜி சாப் ஆள்களை எண்ணினார். ஷாப்பில் மாலை வேளையில் தோல் எண்ணுவார்கள், அந்தப் பழக்கம். ஆண்கள் சரி. பெண்களில் வண்டியில் போனது சரி. மூணாம் நம்பர் கொட்டகையில் ஒரு ஆள் கம்மி.

"முப்பத்தொண்ணு எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. பெண்கள் கொட்டகையைக் கூட்டிப் பெருக்குகிற அமிர்தவள்ளியை விட்டுக் கட்டிலுக்கு அடியில் எல்லாம் பார்க்கச் சொன்னார். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "எலி கூட இல்லீங்க" என்றாள். ஹாஜி சாப் மறுபடி எண்ணினார். மறுபடி ஒன்று கம்மி. வாசலில் சந்தனக் குடத்துக்கு மேளக்காரர்கள் வந்து நின்றுவிட்டார்கள். அவர் நகரவில்லை. ஒரு நோயாளி செத்திருந்தால் அவர் இவ்வளவு கலங்கியிருக்கமாட்டார். கணக்கில் ஒன்று குறைவது அவரால் தாங்க முடியாத விஷயம்.

புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆபித் பாஷாவை இழுத்து வந்தார்கள். அவனிடம் மத்தியானமே, 'மூணாம் நம்பர்' என்று சொல்லிவிட்டார்கள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"எங்கடா உன் ஊட்டுக்காரி?"

"நான்தான் கேக்கணும் ஹாஜி சாப். மையத்தையாவது குடுங்க, ஊருக்கு எடுத்துக்கினு போயி அடக்கம் பண்றேன்."

"நடிக்காத. பர்மிஷன் இல்லாம நீயே தூக்கிக் குடுத்தனுப்பிட்டே."

"நான் எங்க தூக்குவேன்? காலையிலேர்ந்து இங்கதானே குந்திகினு இருக்கேன், எல்லாரும் பாத்தாங்களே."

"அதான் எனக்குச் சந்தேகமே. அனுப்பிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து குந்திட்டே. என் பில்லையோட போயிருக்கா! நாளையிலேர்ந்து ஷாப்புக்கு வராதே."

அவன் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டான். மறைப்புக்கு இந்தப் பக்கம் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேர் எழுதும் தாளில் ஒரு மூலையைக் கிழித்தேன். 'முப்பத்தொன்றும் நாற்பத்து நான்கும் ஒரே ஆள். மஹ்பூபி. வண்டியில் போய்விட்டாள். உயிர் இருந்தது' என்று எழுதித் துவாரம் வழியாக அப்பாவிடம் நீட்டினேன்.

அப்பா படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு அதை நான்காக மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார். ஹாஜி சாப்பிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முப்பது வருஷம் அவரிடம் வேலை செய்தவர் அப்பா, இனியும் செய்யப்போகிறவர். ஆபித் பாஷாவைத் தூக்கி நிறுத்துகிறவர் மாதிரி குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னார். அவன் அப்பாவின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். அப்புறம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஸ்டேஷன் பக்கம் ஓடினான்.

"பாத்தியா, ஓடறான்! அவன்தான் திருடன்" என்றார் ஹாஜி சாப். நிம்மதியாக, "முப்பத்தொண்ணு, உறவினர் அனுமதி இன்றி எடுத்துச் சென்றனர். எழுது முன்ஷி" என்றார். குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனார். அன்று அவர் முகத்தில் ஒளி இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பதினைந்து நாள் கழித்து ஹாஜி சாப் வீட்டு முற்றத்தில் ஒரு கூட்டம். ஒரு வாந்திபேதிச் சாவுகூட இல்லாமல் உருஸை நடத்தியதற்கு மேலதிகாரியிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருந்தது. அஜீரணத்தில் செத்தவர்கள் ஒன்பது பேர். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. மூங்கில் சிக்குத் திரைக்குப் பின்னால் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் வேலாயுதம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு ஹாஜி சாப் சொன்னார்:

"ஒரே குறை. நூத்து நாலு பில்லை குடுத்தோம், நூத்து ரெண்டுதான் திரும்பிச்சு. முப்பத்தொண்ணு, நாப்பத்து நாலு ரெண்டும் காணோம்."

அப்போது வாசலில் ஆபித் பாஷாவும் மஹ்பூபியும் வந்து நின்றார்கள். அவள் பாதி உடம்பாகிவிட்டிருந்தாள். நடக்கையில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் நடந்துதான் வந்தாள். நான் சிக்கின் குச்சிகளைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் நிமிர்ந்தார்.

"யாரும்மா நீ?"

மஹ்பூபி முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு பில்லைகளையும், இப்போது முற்றத்தில் கிடந்த தரம் பிரிக்கிற அந்தப் பலகை மேஜை மேல் வைத்தாள். அறுந்த வாரையும் பக்கத்தில் வைத்தாள். இடது கையை மேஜை மேல் நீட்டினாள். மணிக்கட்டைச் சுற்றிலும் சிவப்பாக ஒரு பள்ளம் இருந்தது. பக்கத்தில் வலது கையையும் வைத்தாள்.

"டாக்டர் சாப், இதுதான் நீங்க நாடி இல்லேன்னு சொன்ன கை. இது இருக்குதுன்னு சொன்ன கை. நடுவுல இருக்கறது நானு."

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குக்கூடப் பாவமாக இருந்தது. வாரை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஹாஜி சாப் பில்லைகளைக் கையில் எடுத்தார். துளைகளை எண்ணினார். முகம் மலர்ந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! நூத்து நாலும் வந்துடுச்சு. கணக்கு சரியாப் போச்சு முன்ஷி. டேய் ஆபித், நாளைக்கு ஷாப்புக்கு வந்துடு." பிறகு அறுந்த வாரைப் பார்த்தார். "இதை யாரு அறுத்தது? நான் சொல்லாம அறுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குதே."

அவர் யோசனையில் ஆழ்ந்தார். கூட்டம் காத்திருந்தது.

"ஒருத்தரே ரெண்டு கையை நீட்டி ஏமாத்த வழி இருக்குது. அந்த ஓட்டையை அடைக்கணும். அடுத்த உருஸுக்கு ரெண்டு கையிலயும் கட்டிடணும். எழுதிக்கோ முன்ஷி."

"ரெண்டு கை எதுக்கு ஹாஜி சாப்?" என்றாள் மஹ்பூபி. "கழுத்துல ஒண்ணு கட்டிடுங்க. ஒரே தடவையில கணக்கு முடிஞ்சிடும்."

சிக்குக்குப் பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். ஆபித் பாஷா பயந்துபோய் அவள் தோளைத் தொட்டான். ஹாஜி சாப்புக்குக் கோபம் வரவில்லை. தாடியைத் தடவிக்கொண்டே அதையும் யோசித்தார்.

"கழுத்துன்னா ஆம்பிளைங்களுக்கு தாடி மாட்டிக்கும்" என்றார். "பொம்பளைங்களுக்கு ஆவும். அதையும் எழுது."

அப்பா சிக்கின் பக்கம் பார்க்காமல் எழுதினார்.